வறுமையா, வறுமையின் அச்சமா?

திருமறையில் இரண்டு இடங்களில் ஏறத்தாழ ஒரே தடை வருகிறது. அன்ஆம் அத்தியாயத்தின் 151-ஆவது வசனம் ஒன்று. பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 31-ஆவது வசனம் மற்றொன்று. வறுமையைக் காரணம் காட்டிப் பெற்ற மக்களை மாய்க்கலாகாது என்று இரண்டுமே தடுக்கின்றன. ஆயினும் இரண்டுக்குமிடையே நுட்பமான ஒரு வேற்றுமை உண்டு. முதல் வசனத்தில் வறுமை வீட்டுக்குள் வந்தேவிட்டது. இரண்டாவதில் வறுமை இன்னும் வரவில்லை. வந்துவிடுமோ என்ற அச்சம் மட்டுமே வந்திருக்கிறது. முதல் வசனம் பெற்றோரின் ரிஸ்கை முன்னாலும் பிள்ளைகளின் ரிஸ்கைப் பின்னாலும் சொல்கிறது. இரண்டாவது வசனமோ அந்த வரிசையை மாற்றிப் பிள்ளைகளின் ரிஸ்கை முன்னால் வைக்கிறது. இப்னு கஸீர் (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் இதனை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பசித்திருப்பவனுக்கு முதற்கவலை இன்றைய சோறு. வசதியுள்ளவனுக்கோ, வரப்போகும் பிள்ளை இருப்பதையும் கரைத்துவிடுமோ என்பதே கவலை. அவரவர் கவலைக்கேற்ப அவரவருக்கு ஆறுதல்!

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவ்வசனங்கள் பிறந்த குழந்தையைக் கொன்றுவந்த ஜாஹிலிய்யாக் கொடுமையைப் பற்றியவை. இன்று ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொள்ளும் தம்பதிமீது இவற்றை வீசுவது நீதியன்று. எனினும், வறுமை வேறு, வறுமையின் அச்சம் வேறு என்ற அந்தப் பாகுபாடு நம் காலத்துப் பெரும் புதிர் ஒன்றை விளங்கிக்கொள்ள உதவுகிறது. உலகில் எந்த நாடுகளில் செல்வம் மிகுந்திருக்கிறதோ அந்த நாடுகளில்தான் தொட்டில்கள் குறைந்துகொண்டே வருகின்றன. காரணம் கேட்டால், "பிள்ளை வளர்க்கும் செலவு கட்டுப்படியாகவில்லை" என்பதே முதலில் வரும் பதில். செல்வர்களுக்குக் கட்டுப்படியாகாத அந்தச் செலவுதான் என்ன? அவர்கள் அஞ்சுவது எந்த வறுமையை?

தொட்டில் குறைந்த நாடுகள்

ஒரு சமுதாயம் தன் எண்ணிக்கையில் குறையாமலிருக்க, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறக்க வேண்டும் என்பது மக்கட்தொகை அறிஞர்களின் கணக்கு. தென் கொரியாவில் 1960-ஆம் ஆண்டில் இந்தச் சராசரி ஏறத்தாழ 6 ஆக இருந்தது. 1983-ல் 2.1-க்கும் கீழே இறங்கியது. 2023-ல் 0.72 ஆயிற்று. 2024-ல் சிறிது உயர்ந்து 0.75. இதன் பொருள் என்னவென்று பாருங்கள். 0.72 என்ற நிலையே நீடித்தால் நூறு தம்பதிகளுக்கு, அதாவது இருநூறு பேருக்கு, 72 பிள்ளைகள். பேரப்பிள்ளைகளோ ஏறத்தாழ 26 பேர் மட்டுமே.

ஜப்பானிலும் இதே கதைதான். 1989-ல் அந்நாட்டுச் சராசரி 1.57 ஆகக் குறைந்தபோது அங்கே பெரும் அதிர்ச்சி ஏற்பட்டது. 2024-ல் அது 1.15. பன்னிரண்டு கோடி மக்கள் வாழும் நாட்டில் அவ்வாண்டு பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு.

1960-ல் கொரியா போரினால் சிதைந்த ஏழை நாடு. ஆறு பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்த்த அந்த நாடு, இன்று செல்வம் கொழிக்கும் வேளையில் ஒரு பிள்ளைக்கே தயங்குகிறது. அந்தக் காலத்தைப் பொற்காலமென்று சொல்ல வரவில்லை. அன்று குழந்தைகள் பலர் இளமையிலேயே இறந்தனர். பிழைத்தவர்கள் வயலில் கைகொடுத்தனர். தாய்மார்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. ஆனாலும், சோறு இல்லாதபோது எழாத கேள்வி சோறு நிறைந்தபின் எழுந்திருக்கிறதே, அது சிந்திக்கத் தக்கதன்றோ?

ஓர் அரசு போட்ட கணக்கு

பிள்ளை வளர்க்கும் செலவைத் துல்லியமாகக் கணக்கிட்ட அரசு அமெரிக்க அரசு. அந்நாட்டு வேளாண்மைத் துறை 2017-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2015-ல் நடுத்தரக் குடும்பத்தில் பிறந்த ஒரு குழந்தையைப் பதினேழு வயது முடியும்வரை வளர்க்க 2,33,610 டாலர் ஆகும். கல்லூரிச் செலவு இதில் சேரவில்லை. கேட்டவுடன் மலைப்புத் தட்டும் தொகைதான். ஆனால் அதே துறை 1960-லும் இக்கணக்கைப் போட்டிருக்கிறது. அன்றைய தொகையை 2015-ஆம் ஆண்டு விலைவாசிக்கு மாற்றினால் 2,02,020 டாலர் வருகிறது. ஐம்பத்தைந்து ஆண்டுகளில் மெய்யான உயர்வு ஏறத்தாழ 16 சதவீதமே. அதே காலத்தில் அமெரிக்கரின் சராசரி வருமானம் விலைவாசியையும் மிஞ்சி இரு மடங்குக்கு மேல் பெருகியது. பிள்ளைகளின் சராசரி எண்ணிக்கையோ 3.6-லிருந்து 1.8 ஆகக் குறைந்தது. செலவு மட்டுமே காரணமென்றால் இந்தக் கணக்கு உதைக்கிறது.

உள்ளே நுழைந்து பார்த்தால் இன்னும் விளங்கும். உணவுக்கு ஆகும் செலவு மொத்தத்தில் 18 சதவீதம்தான். பிள்ளையின் வயிறு பெரிய சுமையன்று. 1960-ல் பராமரிப்புக்கும் கல்விக்கும் ஆன செலவு 2 சதவீதம். 2015-ல் அது 16 சதவீதம். மேலும், குறைந்த வருமானமுள்ள குடும்பம் ஒரு பிள்ளைக்கு 1,74,690 டாலரும், உயர்ந்த வருமானமுள்ள குடும்பம் 3,72,210 டாலரும் செலவிடுகின்றன. இரண்டும் ஒரே நாட்டில் பிறந்த பிள்ளைகள்தாம். ஒன்றுக்கு இரண்டு வயிறு இல்லை. ஆகவே பிள்ளையின் "விலை" என்பது பிள்ளையின் தேவையை மட்டும் பொறுத்ததன்று; பெற்றோரின் நிலையையும் அவர்கள் மனத்தில் வைத்திருக்கும் அளவுகோலையும் பொறுத்தது.

அந்தக் கணக்கில் நமக்கு இனிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டோடு ஒப்பிட்டால், ஒரே பிள்ளை உள்ள வீட்டில் அந்தப் பிள்ளைக்கு 27 சதவீதம் அதிகம் செலவாகிறது. மூன்றும் அதற்கு மேலும் உள்ள வீட்டில் தலைக்கு 24 சதவீதம் குறைகிறது. அக்காவின் உடுப்பு தங்கைக்கு ஆகிறது. ஓர் அறையில் இருவர் உறங்குகிறார்கள். ஒரே சட்டியில் சமைத்தது எல்லோருக்கும் போதுமாகிறது. கூடி உண்பதில் பரக்கத் உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை நம் மூதாட்டிகள் அடுப்படியில் கண்டார்கள். அமெரிக்க அரசு அதை ஏட்டில் கண்டது.

முதற்கணக்குப் போட்ட அதே 1960-ல் கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் பிள்ளைப்பேற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிற்காலத்தில், 1992-ல், நோபல் பரிசு பெற்றவர் அவர். கார் போல நெடுநாள் உழைக்கும் பொருளை வாங்குவதற்குரிய பொருளாதாரச் சூத்திரத்தைக்கொண்டே பிள்ளைப்பேற்றையும் அவர் ஆராய்ந்தார். வருமானம் உயரும்போது மக்கள் அதிகம் பிள்ளை பெறுவதைவிட ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிகம் செலவிடவே முனைவார்கள் என்பது அந்த ஆராய்ச்சியின் வழியே வந்த முடிவு. நடைமுறையை அவர் சரியாகவே கண்டார். ஆனால் நடப்பதைக் கண்டறிவது வேறு. அதுவே முறையென்று ஏற்பது வேறு. காரை வாங்கியவன் அது சரியில்லையென்றால் விற்றுவிடலாம். பிள்ளையோ அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத்.

முடிவில்லாத ஓட்டம்

கொரியப் பெற்றோரின் பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி வீட்டுக்கும் கல்விக்கும். பள்ளிக்கூடம் விட்டபின் பிள்ளைகள் செல்லும் தனியார் பயிற்சி நிலையங்களை அங்கே "ஹாக்வொன்" என்கிறார்கள். 2024-ல் அந்நாட்டுப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்தினர் இத்தகைய தனியார் பயிற்சி பெற்றனர். அதற்காகப் பெற்றோர் செலவிட்டது 29 லட்சம் கோடி வான். முந்திய ஆண்டைவிட மாணவர் தொகை குறைந்திருக்க, செலவு கூடியிருக்கிறது!

எல்லாம் ஒரே நாள் தேர்வை நோக்கிய ஓட்டம். நவம்பர் மாதத்தில் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடையெழுதும் பகுதி வரும்போது, ஓசை இடையூறாகக் கூடாதென்று விமானங்களை ஏறவும் இறங்கவும் விடாமல் நிறுத்திவைக்கிறார்கள். ஒரு நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இந்த ஓட்டத்தைச் சட்டத்தால் நிறுத்தவும் முயன்றார்கள். 1980-ல் அன்றைய இராணுவ ஆட்சி தனிப் பயிற்சிகளைத் தடைசெய்தது. பயிற்சி மறைவில் தொடர்ந்தது. 2000-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அத்தடை செல்லாதென்று தீர்ப்பளித்தது.

இதிலுள்ள பரிதாபம் யாதெனில், எல்லோரும் செலவிடுவதால் யாரும் முந்துவதில்லை. ரேஷன் கடை வரிசையில் எல்லோரும் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து நின்றால் யாருடைய இடமும் மாறாது. எல்லோருடைய தூக்கமும் போகும். ஆனால் தனியொருவர் மட்டும் முன்னதாக வராமலிருந்தால் அவர் பின்தங்கிவிடுவார். ஆகவே யாராலும் நிறுத்த முடியவில்லை. இவர்கள் அஞ்சுவது பசியை அன்று. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பின்னால் தன் பிள்ளை நிற்பதை அஞ்சுகிறார்கள். ஒருவரையொருவர் மிஞ்சும் இந்த வேட்கைக்குத் திருமறை "தகாஸுர்" என்று பெயரிட்டு, ஓர் அத்தியாயத்தையே அதன் பெயரால் வழங்கியிருக்கிறது.

ஏட்டில் ஏறாத செலவு

இன்னொரு செலவு உண்டு. அது அரசாங்கக் கணக்கில் வராது. தாயின் செலவு அது. டென்மார்க் நாட்டில் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, முதற்குழந்தை பிறந்தபின் பெண்ணின் வருமானம் ஆணோடு ஒப்பிட நெடுங்காலத்துக்கு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தே நிற்கிறதென்று காட்டியது. ஆணின் வருமானத்தில் குழந்தையால் சொல்லத்தக்க மாற்றமில்லை. வேலைக்குப் போகாத பெண்ணுக்கும் இந்தச் செலவு உண்டு. அவள் பணத்துக்குப் பதில் உறக்கத்தாலும் உடல் நலத்தாலும் செலுத்துகிறாள்.

"பிள்ளைகள் அல்லாஹ்வின் அருட்கொடை" என்று மேடையில் முழங்கும் ஆண்மகன், அழும் குழந்தையை இரவில் ஒருமுறையேனும் தூக்கியிருக்க வேண்டாமா? நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அருட்கொடையைப் பெறுவது இருவரென்றால், அதன் பாரத்தைச் சுமப்பதும் இருவராக இருக்க வேண்டும்.

பணம் கொடுத்தால் தீருமா?

அப்படியானால் அரசே செலவை ஏற்றுக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். செய்து பார்த்திருக்கிறார்கள். ஹங்கேரி நாடு, நான்கு பிள்ளைகள் பெற்ற தாய்க்கு ஆயுள் முழுவதும் வருமான வரியில்லை என்று 2019-ல் அறிவித்தது. வேறு பல சலுகைகளும் தந்தது. அந்நாட்டுச் சராசரி 2011-ல் 1.2 அளவிலிருந்து 2021-ல் 1.6 அளவுக்கு ஏறியது. பின்னர் மறுபடியும் இறங்கி 2024-ல் 1.4-க்கும் கீழே வந்துவிட்டது. பின்லாந்தில் 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் குழந்தைத் துணிமணிகள் நிறைந்த பெட்டியை அரசு வழங்குகிறது. 1948 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச உணவு. அங்கேயும் 2010-ல் 1.87 ஆக இருந்த சராசரி 2024-ல் 1.25 ஆயிற்று.

இவ்வுதவிகள் வீண் என்று சொல்லலாகாது. பிறந்த குழந்தைக்குப் பாலும் துணியும் கிடைப்பது எந்நாளும் நன்மையே. ஆனால் பணம் தேவையை நிரப்பும், அச்சத்தை நிரப்பாது. தேவைக்கு எல்லையுண்டு, ஒப்பீட்டுக்கு எல்லையில்லை.

கணக்குப் பார்ப்பது பாவமா?

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். "ரிஸ்க் கொடுப்பவன் அல்லாஹ், நீ ஏன் கணக்குப் பார்க்கிறாய்?" என்று இளம் தம்பதியை அதட்டிவிட்டால் மார்க்கக் கடமை முடிந்ததாகச் சிலர் எண்ணுகிறார்கள். ரிஸ்க் கொடுப்பவன் அல்லாஹ்தான் என்பதில் முஸ்லிமுக்கு ஐயமில்லை. ஆனால் மார்க்கம் கணக்குப் பார்ப்பதைக் குற்றமாக்கவில்லை.

நோயுற்றிருந்த ஸஅது பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தம் சொத்தின் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய விரும்பியபோது, மூன்றிலொரு பங்கே அதிகமென்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாரிசுகள் பிறரிடம் கையேந்தாதவாறு விட்டுச்செல்வதே மேலென்று விளக்கினார்கள். பிள்ளைகளின் நாளையைப் பற்றி எண்ணுவது தவக்குலுக்கு மாறானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கருத்தரிப்பைத் தவிர்க்கும் "அஸ்ல்" முறை ஸஹாபாக்களின் காலத்திலேயே வழக்கிலிருந்ததை ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு காட்டுகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் "இஹ்யா"வில் இதை ஆராயும்போது செயலை மட்டும் பார்க்கவில்லை, நிய்யத்தைப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் மிகுந்தால் பிழைப்புக்காகத் தவறான வழிகளில் இறங்க நேருமோ என்ற அச்சத்தால் தவிர்ப்பதை அவர்கள் ஹராமென்று சொல்லவில்லை. தவக்குல்தான் அதைவிடச் சிறந்ததென்கிறார்கள். பெண் குழந்தை பிறந்துவிடுமோ என்று அஞ்சித் தவிர்ப்பதையோ தீய நிய்யத் என்று கண்டிக்கிறார்கள். ஆக, கேள்வி "கணக்குப் பார்த்தாயா?" என்பதன்று. "எந்த அளவுகோலால் கணக்குப் பார்த்தாய்?" என்பதே.

அந்த அளவுகோலைத் திருமறையே தந்திருக்கிறது. பகரா அத்தியாயத்தின் 233-ஆவது வசனம் பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பிள்ளையைக் காரணமாக்கித் தாயையோ தந்தையையோ வருத்தலாகாது என்கிறது. சக்திக்கு மீறி எவரையும் சுமத்தலாகாது என்கிறது. தலாக் அத்தியாயத்தின் 7-ஆவது வசனமும் வசதியுள்ளவன் தன் வசதிக்கேற்பவும், நெருக்கடியிலிருப்பவன் தனக்குக் கிடைத்ததற்கேற்பவும் செலவிடுமாறு பணிக்கிறது. பிள்ளைக்குச் செலவுண்டு என்பதை இறைவன் மறைக்கவில்லை. அச்செலவுக்கு அளவு, உன் சக்தி. அடுத்த வீட்டானின் சக்தியன்று! செல்வ நாடுகளில் தவறிப்போனது இந்த அளவுகோல்தான்.

விலையை ஏற்றியவர் யார்?

இது எங்கோ கொரியாவில் நடப்பதென்று நாம் கண்ணை மூடிக்கொள்வதற்கில்லை. துருக்கியில் 2001-ல் 2.38 ஆக இருந்த சராசரி 2024-ல் 1.48. இந்திய முஸ்லிம்களிடையே தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 1992-93-ல் 4.4 ஆக இருந்தது 2019-21-ல் 2.4 அளவுக்கு வந்திருக்கிறது. தமிழகத்தின் பொதுச் சராசரியும் அதே ஆய்வில் 1.8. கல்வியும் சுகாதாரமும் பெருகியதால் வந்த நன்மையும் இதில் உண்டு. எண்ணிக்கையைப் பார்த்து அலற வேண்டியதில்லை. பிள்ளைகளின் தொகை ஈமானின் அளவுமன்று. சிலருக்கு ஆணையும் சிலருக்குப் பெண்ணையும் கொடுத்து, சிலருக்குக் கொடாமலும் வைப்பவன் அல்லாஹ்வே என ஷூரா அத்தியாயம் கூறுகிறது.

நாம் பார்க்க வேண்டியது வேறு. ஒரு பிள்ளையின் "விலை"யை நம் வீடுகளில் ஏற்றுபவர் யார்? அகீகாவுக்கு ஆடு அறுப்பது சுன்னத். மண்டபம் பிடித்து ஊரைக் கூட்டுவது யாருடைய சுன்னத்? பக்கத்துப் பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பார்த்து, "இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்திலா போட்டிருக்கிறாய்?" என்று விருந்து வீட்டில் கேட்டவர் யார்? பெண் பிறந்த அன்றே நகையையும் சீரையும் எண்ணித் தகப்பன் நெஞ்சு கலங்குமாறு வழக்கத்தை வளர்த்தவர் யார்? ஒருபுறம் விலையை ஏற்றிவிட்டு, மறுபுறம் "அஞ்சாதே, ரிஸ்க் அல்லாஹ்விடம்" என்று உபதேசிப்பது எவ்வளவு எளிது! அந்த இளைஞன் அஞ்சுவது அல்லாஹ்வின் கருவூலம் வற்றிவிடும் என்றன்று. நம் நாவையும் நம் பார்வையையுமே அவன் அஞ்சுகிறான்.

ஆகவே முதற்பொறுப்பு, பிள்ளை பெறத் தயங்குபவர்மீது அன்று, தயங்கவைத்தவர்மீது. வசதியுள்ளவர் தம் வீட்டு விசேஷத்தை எளிமையாக நடத்தினால், வசதியில்லாத பத்து வீடுகளின் சுமை இறங்கும். மஹல்லா ஜமாஅத்தின் பைத்துல்மால் ஏழைப் பிள்ளையின் புத்தகத்தையும் பள்ளிக் கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டால், ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்து வருகிறதென்ற சொல்லுக்கு அந்த வீட்டார் கண்ணெதிரே பொருள் கிடைக்கும். அல்லாஹ் தன் ரிஸ்கை மனிதர் கைகளின் வழியாகவும் அனுப்புகிறான் அல்லவா? அந்தக் கை நம்முடையதாக இருக்கட்டும். கணவன் வீட்டுப் பாரத்தில் பங்கெடுத்தால் தாய்க்குப் பிள்ளை சுமையாகத் தோன்றாது. ஒரு பிள்ளை உள்ளவரையும் ஆறு பிள்ளை உள்ளவரையும் ஏளனம் செய்யாத நாவு நமக்கு வேண்டும்.

குடும்பத்துக்காகச் செலவிடும் காசே நன்மையில் மிகப் பெரியதென்ற கருத்தில் நபிமொழி உண்டு. அப்படியானால் பிள்ளைச் செலவு நஷ்டக் கணக்கன்று, இபாதத். இபாதத்தில் போட்டிக்கும் பெருமைக்கும் இடமில்லை; சக்திக்கேற்ற முயற்சிக்கே இடமுண்டு. உண்மையான வறுமை வந்தால் அதைப் பகிர்ந்துகொள்ளச் சமுதாயம் இருக்க வேண்டும். வறுமையின் அச்சம் வந்தால் அதை வளர்த்தது எது என்று ஒவ்வொரு வீடும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வல்ல அல்லாஹ் நமக்குப் போதுமென்ற மனத்தையும், நம் மக்களை அவரவர் சக்திக்கேற்ப நன்மக்களாக வளர்க்கும் பாக்கியத்தையும் அருள்வானாக! ஆமீன்.